முப்பிடாதி பக்கம் சாய்ந்த ஊர்

முப்பிடாதி கண்ணை மூடிய செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு எங்கள் ஊரில் இருநூற்றுப் பதினேழு கட்டடங்கள் மேற்கே சாய்ந்தன. சத்தம் கித்தம் ஒன்றும் இல்லை, ஒரு கண்ணாடி உடையவில்லை, ஒரு ஓடு விழவில்லை. சப்பரம் வரும்போது வாசலில் நிற்கிற சனம் தலை தாழ்த்துகிற மாதிரி, பெண்கள் பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, நெல் குடோன், கல்யாண மண்டபம், நகராட்சி ஆபீஸ், இரண்டு சினிமாக் கொட்டகையில் பெரியது, இன்னும் யார் யாரோ கட்டின மாடி வீடுகள் எல்லாம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவள் வீட்டைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்து, சாய்ந்தபடி நின்றுவிட்டன. டீக்கடையில் டம்ளருக்குள் டீ ஒரு பக்கமாக ஏறி நிற்பதைப் பார்த்த மாஸ்டர் டம்ளரைத் திருப்பி வைத்தார், அப்போதும் அது மேற்கேதான் ஏறி நின்றது, சரி என்று அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. நகராட்சி ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, முதியோர் பென்ஷன் மனு, எதுவானாலும் என் விரல் பட்டுத்தான் ஊருக்குள் போகும், அதனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் மூன்று நாள் கொஞ்சம் சிரமப்பட்டோம், இல்லை என்று சொல்லமாட்டேன். திறந்து வைத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது, சாத்தி வைத்த பீரோ தானாகத் திறந்துகொண்டது, வங்கி மேனேஜர் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தால் முடிக்கும்போது காசாளர் பக்கத்தில் இருந்தார். பெண்கள் அடுப்பின் மேற்குக் காலுக்கு அடியில் சிரட்டைத் துண்டு வைத்துச் சமாளித்தார்கள். கல்யாண மண்டபத்தில்தான் பெரிய சிக்கல்: கிழக்கே பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு ரசம் மடிக்கு வந்தது, மேற்கே பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு இலையை விட்டே ஓடியது, வடக்கே பார்த்துப் பந்தி போட்டால் எல்லார் ரசமும் பக்கத்து இலைக்குப் போய்க் கடைசி ஆளிடம் குளமாக நின்றது. அந்தக் கடைசி இடத்துக்கு அப்புறம் சண்டையே வந்தது.

நாலாம் நாள் எங்களுக்குப் பழகிவிட்டது, ஐந்தாம் நாள் பெருமை வந்துவிட்டது. முப்பிடாதி அதிகமாகக் கல் சுமந்த கட்டடம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது, குறைவாகச் சுமந்தது குறைவாகச் சாய்ந்திருக்கிறது என்பதை யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, மழைக்கு முன்னால் வருகிற மண்வாசனை எல்லார் மூக்குக்கும் ஒன்றாய் வருவதுபோல எல்லாருக்கும் அது ஒரே சமயத்தில் தெரிந்திருந்தது. சுவரில் விரலை வைத்து அளந்து, "எங்க வீடு மூணு விரக்கடை," "நம்ம கடை நாலு விரக்கடைல்லா," என்று பேசிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிக்கும் முன்னால் வீடு எத்தனை விரக்கடை என்று கேட்டார்கள். வெளியூர் ஆட்களை வைத்து வீடு கட்டின உரக்கடை முதலாளி ஒருவர், நேராக நின்ற தன் வீட்டைப் பார்க்கச் சகிக்காமல் கிழக்குப் பக்கம் லாரி ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்து, மாடிப்படியில் விரிசல் விழுந்ததுதான் மிச்சம். என் வீடும் சாயவில்லை. நானும் வெளியூர் மேஸ்திரியிடம்தான் விட்டேன், அந்த வருத்தம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

முப்பிடாதி சித்தாள். பதினாலு வயதில் தலையில் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி வைத்தவள், அறுபத்தைந்து வயதில் இடுப்பு விட்டுப்போனதும்தான் இறக்கினாள். ஒரு நடைக்குப் பன்னிரண்டு செங்கல், இல்லாவிட்டால் ஒரு சட்டி சாந்து, சாரத்தில் கட்டின மூங்கில் படியைக் கையால் பிடிக்காமல் ஏறுவாள், ஏறும்போது கீழே இருக்கிறவளோடு சண்டையும் போடுவாள். அவள் புருஷன் கொத்தனார், மூன்றாவது பிள்ளை நடை பழகுமுன் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் ஊரில் வீடு பால்காய்ச்சும்போது கொத்தனாருக்கு வேட்டி துண்டு வைத்துத் தாம்பாளத்தில் கொடுப்பார்கள், ஆசாரிக்குக் கொடுப்பார்கள். சித்தாளுக்கு எல்லாரும் சாப்பிட்டு முடிந்தபின் சாப்பாடு போடுவார்கள். அதுதான் வழக்கம், அதைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு நாளும் யோசித்ததில்லை, இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் சங்கரலிங்கம் இன்ஜினியருக்குப் படித்து எங்கள் நகராட்சியிலேயே உதவிப் பொறியாளர். அடுத்தவள் உலகம்மாள், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மாவு மில் வைத்திருக்கிறாள், அம்மாவின் கடைசி மூன்று வருடமும் அவள் கையில்தான் போனது. இளையவன் கொம்பையா கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான், விமானம் பிடித்து, பஸ் பிடித்து, வீட்டு வாசலில் வந்து நின்றபோது மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

"எக்கா, என்னையப் பாக்காமலே கொண்டு போயிட்டியளா?" என்று கேட்டான். உலகம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். சங்கரலிங்கம் பந்தல்காரனிடம் நாற்காலி எண்ணிக்கை பற்றிப் பேசிக்கொண்டு நின்றான். அவன் மயானத்திலும் அழவில்லை, ஊரே பார்த்தது.

அழாததற்குக் கல்மனம் காரணம் இல்லை. அவன் கல்யாணப் பத்திரிகையை அடித்தவன் நான். அப்பா பெயருக்குக் கீழே "கட்டட ஒப்பந்ததாரர்" என்று போடச் சொன்னான், அம்மா பெயருக்குக் கீழே "இல்லத்தரசி" என்று போடச் சொன்னான். முப்பிடாதிக்குப் படிக்கத் தெரியாது, பத்திரிகைக் கட்டை வாங்க வந்தவள் என்னை வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன், அப்படியென்றால் என்ன என்று கேட்டாள், வீட்டை ஆளுகிறவள் என்று சொன்னேன். "எந்த வீட்டய்யா? இங்க நிக்கது பூராவும் நான் தூக்குனதுல்லா?" என்று சிரித்துக்கொண்டே கட்டைத் தலையில் வைத்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் ஆபீசுக்குள் போகமாட்டாள், என் கடை வாசலில் நின்று வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தூக்குவாளியைக் கொடுத்தனுப்புவாள். உள்ளே வரவேண்டாம் என்று அவன் சொன்னானா, சொல்லாமலே அவளுக்குப் புரிந்ததா, எனக்குத் தெரியாது. அந்த ஆபீஸ் மாடிக்கு அவள் எத்தனை ஆயிரம் நடை ஏறியிருப்பாள் என்பது அவனுக்குத் தெரியாது. அது ஐந்து விரக்கடை சாய்ந்திருந்தது.

எட்டாம் நாள் மாவட்டத்திலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் பெண்கள் பள்ளிக்கூடச் சுவரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். சாய்ந்த கட்டடத்தில் பிள்ளைகளை வைத்திருக்கக் கூடாதாம். உள்ளூர்ப் பொறியாளர் வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தரவேண்டும், சாய்வுக்கான காரணம் என்ற கட்டத்தை நிரப்பவேண்டும், காரணம் தெரியாவிட்டாலும், கட்டுமானக் குறைபாடு என்றாலும் இடித்துவிட வேண்டும், பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து வரிசையாக இருநூற்றுப் பதினேழையும். உள்ளூர்ப் பொறியாளர் என்றால் சங்கரலிங்கம்தான்.

படிவத்தை நகல் எடுக்க அவன் என் கடைக்கு வந்த அன்று தங்கையும் தம்பியும் பின்னாலேயே வந்தார்கள்.

"எண்ணே, என்ன எழுதப் போற?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"வேற என்னத்த எழுத? கட்டுமானக் குறைபாடுன்னுதான் எழுதணும்."

"அப்படின்னா?"

"சரியாக் கட்டலைன்னு அர்த்தம்."

"யாரு சரியாக் கட்டல? அம்மா சரியாத் தூக்கலையா? ஒடஞ்ச கல்லு ஒண்ணு கெடந்தாலும் எடுத்துத் தூரப் போட்டுட்டு, நல்ல கல்லாப் பாத்து அடுக்குவாளே, அவ செஞ்சது குறையா?"

சங்கரலிங்கம் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தபடி, "என்னைய என்ன செய்யச் சொல்லுத? எங்கம்மா செத்துட்டா, அதான் சாஞ்சிருக்குன்னு சர்க்கார் காயிதத்துல எழுதவா? சிரிப்பாங்கட்டி," என்றான்.

"சிரிப்பாங்கன்னா பயப்படுத? சித்தாள் மவன்னு தெரிஞ்சிரும்னுல்லா பயப்படுத."

கொம்பையா இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றான். "சண்ட போடாதியக்கா," என்றான். "எண்ணே, நான் அவ மொகத்தையும் பாக்கல. இதையும் இடிச்சிட்டா எனக்கு அம்மான்னு பாக்க என்ன இருக்கும்? இடிக்கது இடிக்கட்டும், ஆனா குறைன்னு எழுதுறதுக்கு முன்ன நீ ஒருக்க அளந்து பாரு. நீ படிச்சவன்லா. அளக்காம எழுதாத."

அந்தக் கடைசி வார்த்தை சங்கரலிங்கத்துக்கு உறைத்தது. மறுநாள் காலையில் தூக்குக்குண்டும் நூலும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினார்கள், நோட்டில் எழுத ஆள் வேண்டும் என்று நான் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். குடோனை அளந்தார்கள், கொட்டகையை அளந்தார்கள், பஸ் ஸ்டாண்டை அளந்தார்கள், அளக்க அளக்க உலகம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், இது உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்தப்ப, இது அப்பா போன மறுமாசம், இது எனக்குக் காது குத்தின வருசம், இந்தத் தண்ணித் தொட்டி அம்மாவுக்கு அம்மை போட்டுத் தேறி எழுந்தப்ப, என்று. ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று, எங்கள் வீட்டையும் அளங்கள், எங்கள் வீட்டுக்கு என்ன கதை என்று கேட்டார்கள், கேட்டவர்களுக்கு எல்லாம் அவள் ஒரு கதை வைத்திருந்தாள். சங்கரலிங்கம் நூலைப் பிடித்துக்கொண்டே வந்தான். அவன் படித்த படிப்பின் ஒவ்வொரு வருடமும் எந்தச் சுவரில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

கடைசியில் பள்ளிக்கூடம். ஓய்வு நேரம், பிள்ளைகள் மரத்தடியில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். மேற்குச் சுவரில் மேலிருந்து நூலை இறக்கினார்கள். அடியிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர் ஒழுங்காக மேற்கே சாய்ந்து வந்தது. அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்கு ஒரு பட்டை, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும், நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. அதற்கும் மேலே மறுபடி சாய்வு. சங்கரலிங்கம் நூலைச் சுருட்டி மறுபடி இறக்கினான், இடம் மாற்றி இறக்கினான், ஏணி போட்டு ஏறி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். அடி சாய்கிறது, தலை சாய்கிறது, நடுவில் மட்டும் நேராக நிற்கிறது. மண் இறங்கினாலும் அஸ்திவாரம் கெட்டாலும் எந்த உலகத்திலும் ஒரு சுவர் அப்படி நிற்காது.

"இது என்ன வருசக் கட்டடம்?" என்று கேட்டான் ஏணியிலிருந்தபடியே.

உலகம்மாள் வாசலில் இருந்த கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வரும்போதே அவள் முகம் மாறியிருந்தது. "கொம்பையா, நீ பொறந்த வருசம்ல," என்றாள். "ஒன்னையப் பெக்க அம்மாவுக்கு வலி எடுத்தது இந்த மணல் குமியிலதான். பன்னெண்டாம் நாள் காலையில அம்மா திரும்ப வேலைக்கு வந்துட்டா. ஒன்னைய மடியில போட்டுக்கிட்டு அந்த மரத்தடியில ஈ ஓட்டிக்கிட்டு இருந்தது நான். எனக்கு ஆறு வயசு. பால் குடுக்க ஒவ்வொரு தடவையும் அந்தச் சாரத்துல இருந்து எறங்கி வருவா."

சுவரில் அவள் இல்லாத இடம் அவ்வளவுதான். பதினோரு நாள், முழங்கால் உயரம். கொம்பையா ஏணியில் ஏறி அந்த நேரான பட்டையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தான், வைத்துக்கொண்டு பள்ளிக்கூடமே பார்க்கச் சத்தம் போட்டு அழுதான். "நான் அங்க ஒரு பொத்தானை அமுக்கி நாப்பது டன்னு தூக்குதேங்க்கா, தூக்கிட்டுப் பெரிய ஆளுன்னு போட்டோ எடுத்து அனுப்புதேன். எம்மா, எனக்காக ஒரு பத்து நாள் சேத்து உசுரோட இருந்திருக்கக் கூடாதா எம்மா," என்றான். பிள்ளைகளில் சிலரும் அழுதார்கள், எதற்கு என்று தெரியாமலே.

சங்கரலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அந்தப் பதினோரு நாளும் வீட்டுல சோறு பொங்குனது நான்," என்றான் யாரையும் பார்க்காமல். "ஒம்பது வயசு. கொழஞ்சு போயிருக்கும். எம்புள்ள பொங்குன சோறுன்னு அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. நான் அவளைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே உலகு." பிறகு அவனும் அழுதான், பத்து நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. தங்கை அவன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மாவட்டத்திலிருந்து செயற்பொறியாளர் அம்மா வந்தார். நகராட்சி ஆபீசில் நாற்காலி ஓரிடத்தில் நிற்காது என்பதால் என் கடையில்தான் உட்கார வைத்தார்கள், இதுவும் வெளியூர் மேஸ்திரி கட்டினது, நேராகத்தான் நிற்கும். அவர் கண்டிப்பானவர், முகத்தில் தெரிந்தது. சங்கரலிங்கம் சொன்னதை முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை, எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தச் சுவரை அவரே ஏணி போட்டு ஏறி அளந்து பார்த்தார், திரும்பி வந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"குறைபாடு இல்லைங்கிறதை நானே பாத்துட்டேன்," என்றார். "ஆனா காரணம்ங்கிற கட்டம் காலியா இருந்தா இடிக்கத்தான் செய்வோம். எழுத்துல வேணும், பேரோட வேணும். ஒண்ணு சொல்லிடறேன் சார், இது உங்க கையெழுத்துல ஃபைல்ல ஏறிட்டா நீங்க எந்த ஊருக்கு மாத்தலாகிப் போனாலும் கூடவே வரும். பாக்கறவங்க எல்லாரும் படிப்பாங்க. யோசிச்சுக்கோங்க."

வாசலில் ஊர் நின்றது. டீக்கடை மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார், ஜாக்கி வைத்த உரக்கடை முதலாளி வந்திருந்தார், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். நான் படிவத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காரணம் என்ற கட்டத்தில் கர்சரை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சங்கரலிங்கம் தன் ஆபீசை ஒரு தடவை பார்த்தான், அது எங்களைப் பார்த்துச் சாயவில்லை, எங்களுக்கு முதுகைக் காட்டி அம்மாவின் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது.

"அடிங்கண்ணே," என்றான் என்னிடம். "முப்பிடாதி. சித்தாள். ஐம்பத்தோரு வருடப் பணி."

அடித்தேன். அடுத்த கட்டம், மேற்கண்ட தகவலுக்கான ஆதாரம்.

"நான்," என்றான். "அவ மூத்த மவன்னு போடுங்க. தங்கச்சி பேரையும் தம்பி பேரையும் சேத்துப் போடுங்க. மூணு பேரும் கையெழுத்துப் போடுதோம்."

செயற்பொறியாளர் அம்மா தலையாட்டினார். வாசலில் யாரோ அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள், பின்னால் நின்றவர்கள் அதற்கும் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள், ரயில்வே கேட்டுவரைக்கும் அந்தப் பெயர் போனது, அந்தப் பெயரை இத்தனை பேர் ஒன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியாக ஒரு கட்டம் இருந்தது, சாய்வை நிமிர்த்த எடுக்கவேண்டிய நடவடிக்கை.

இதில் என்ன போட என்று கேட்டேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சொல்லிவைத்த மாதிரி ஒன்றாகச் சொன்னார்கள், சங்கரலிங்கம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்:

"தேவையில்லை."